பூசணிக்கு நாவூறு பட்ட தை மாதம்

எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பதினொரு வருசம் மகரந்தச் சேர்க்கை படிப்பித்தவள் நான். கரும்பலகையில் பூ வரைந்து, பூவுக்குள் சூலகம் வரைந்து, பக்கத்தில் ஒரு தேனீயும் வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். என் தேனீயைப் பார்த்து மற்ற ஆசிரியர்கள் மெச்சியதும் உண்டு. அப்படிப்பட்ட நான் யுத்த காலத்தில் ஒரு தை மாதம், வீட்டு வளவுக்குத் தேடி வந்த தேனீக்களைக் காலைதோறும் புகை போட்டு விரட்டினேன். விரட்டியதோடு நில்லாமல் பழியைத் தூக்கி ஒரு மனுசியின் தலையில் போட்டேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. ஆனால் பூச்சிகளை நான் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியது அந்த வெட்கத்திலிருந்துதான், ஆகவே எழுதத்தான் வேண்டும்.

எங்கள் வளவு வாவிக்கரையில் இருந்தது. கிணற்றடியிலிருந்து நேரே நடந்தால் கண்டல் மரங்கள், அதற்கப்பால் தண்ணீர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் வரும். அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. அங்கே யார் இருப்பது, யார் போவது என்று சொல்லும் வாய் என்னுடையது. என் வீட்டுக்காரர், "உன்ர வளவு, உன்ர ராச்சியம்" என்று சிரித்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வருசம் ஐப்பசியில் படுவான்கரையில் ஷெல் விழுந்து சனங்கள் தோணிகளில் இக்கரைக்கு வந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாமாக மாறியது. வகுப்பு இல்லை. ஒருநாள் வரவு இடாப்புப் புத்தகங்களை எடுத்துவரப் போனபோது, என் வகுப்பறையில், நான் பூ வரையும் அதே கரும்பலகைக்குக் கீழே ஒரு பெண் பாய் விரித்துத் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். புருசனை ஆமி சுற்றிவளைப்பொன்றில் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு வருசம், ஒரு தகவலும் இல்லை என்று சொன்னார். பிள்ளைகள் இல்லை. நாற்பது பேருக்கு நடுவில் தனியாக இருந்த அந்தக் கோலம் என்னை ஏதோ செய்தது. "எங்கட வளவுக்கு வாங்க அக்கா" என்று நானேதான் கூப்பிட்டேன். வளவின் வடகிழக்கு மூலையில் பூவரசந் தடி நட்டு, கிடுகு வேய்ந்து, ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தோம். அவர் என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார். நான் அக்கா என்றேன்.

கார்த்திகையில் பூசணி விதை போட்டேன். ஒரே காயிலிருந்து எடுத்த விதை. முப்பதை என் பாத்திகளில் போட்டேன், நாலை அக்காவுக்குக் கொடுத்தேன். அவர் அவற்றைக் கொட்டிலுக்குப் பின்னால் ஊன்றினார். அந்த நாட்களில் பூசணி என்றால் சும்மா இல்லை. பாதை அடிக்கடி பூட்டிக் கிடக்கும். களுதாவளைப் பக்கத்திலிருந்து வரும் மரக்கறி லொறிகள் வராது. கத்தரிக்காயும் வெண்டிக்காயும் இரண்டு நாளில் வாடிப்போகும். பூசணி ஒன்று முற்றிவிட்டால் மாதக்கணக்கில் கட்டிலுக்குக் கீழே கிடக்கும், ஊரடங்கு எத்தனை நாள் நீண்டாலும் வீட்டில் கறி இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் முப்பது கொடியையும் பிள்ளைகளைப்போல் பார்த்தேன்.

மாரி ஓய்ந்து தை பிறக்கப்போனது. பொங்கலுக்கு வளவு துப்புரவாக இருக்க வேண்டும் என்று மண்வெட்டியால் முழுவதையும் செருக்கினேன். மழைக்கு முளைத்திருந்த தும்பை, நாயுருவி, பேர் தெரியாத பூண்டு எல்லாவற்றையும் குவித்து எரித்தேன். நிலம் நெற்றி மாதிரித் துலங்கியது. கொடிகளில் பூவும் வந்தது. காலையில் எழும்பிப் பார்த்தால் பாத்தி முழுக்க மஞ்சள். பெண் பூவின் அடியில் சுண்டைக்காய் அளவில் பிஞ்சும் தெரிந்தது. நான் நடக்காமல் மிதந்தேன்.

மூன்றாம் நாள் பிஞ்சுகள் மஞ்சளாகப் பழுத்தன. நாலாம் நாள் சுருங்கின. ஐந்தாம் நாள் விரல் பட்டதும் விழுந்தன. அடுத்த தொகுதி பூத்தது, அதுவும் அப்படியே. உரம் போட்டேன், சாம்பல் தூவினேன், தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் ஒரே சொல்தான் சொன்னார்கள். நாவூறு, கண் பட்டுவிட்டது.

பதினொரு வருசம் படிப்பித்த பாடம் அந்த நேரம் எங்கே போனதோ தெரியாது. பழைய பானையில் சுண்ணாம்புப் புள்ளி வைத்துக் கம்பில் கவிழ்த்தேன். அது போதாதென்று உப்பு, செத்தல் மிளகாய், முச்சந்தி மண் மூன்றையும் நெருப்புச் சட்டியில் போட்டுப் புகைக்கத் தொடங்கினேன். முச்சந்தியில்தான் ஆமியின் காவல் சென்றி இருந்தது. நான் குனிந்து மண் அள்ளிக் கைலேஞ்சியில் முடிந்ததும் காவலில் நின்றவன் துவக்கோடு ஓடிவந்து கைலேஞ்சியை விரிக்கச் சொன்னான். மண்ணைக் கிளறினான், மணந்து பார்த்தான். பிறகு அவன் முகம் மாறியது. "எஸ்வஹ?" என்று கேட்டான். கண்ணூறுக்குச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நான் தலையாட்டினேன். இன்னும் ஒரு பிடி அள்ளு என்று கையால் காட்டிவிட்டு அவன் திரும்பிப் போனான்.

விடியற்காலையில் பூ விரியும் நேரம் பார்த்துத்தான் சட்டியை வைத்தேன். தையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். எல்லாக் கொடியிலும் புகை படவேண்டும் என்று காற்று வரும் பக்கத்தில், அக்காவின் கொட்டிலுக்கும் என் பாத்திகளுக்கும் இடையில் வைத்தேன். மிளகாய்க் காரம் பாத்திகளின் மேல் தவழ்ந்து வாவிப் பக்கம் போகும். எனக்கே இருமலும் கண்ணீரும் வரும். நல்லாகப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒன்பது மணிக்குப் பூ கூம்பிவிடும். பிஞ்சு விழும். விழ விழ நான் மிளகாயைக் கூட்டினேன்.

நாவூறு என்றால் ஒரு கண் இருக்க வேண்டும். யாருடைய கண்? தினமும் காலையில் அக்கா தன் கொட்டில் பக்கத்துச் சின்ன வேலியில் கையை வைத்துக்கொண்டு பூக்களைப் பார்த்தபடி நிற்பார். அரை மணித்தியாலம், சில நாள் அதற்கும் மேலே. கண் இமைக்காமல் பார்ப்பார். அதைவிட மோசம், அவருடைய நாலு கொடியிலும் காய் பிடித்திருந்தது. ஒரே விதை, ஒரே மண், ஒரே கிணற்றுத் தண்ணீர். அவருடையது உருள்கிறது, என்னுடையது உதிர்கிறது. அந்தக் கண் இந்தக் கண்தான் என்று முடிச்சுப் போட்டேன். எரிச்சலில் இரண்டு நாள் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலியடிக்குப் போய், "அக்கா, அண்ணன்ட குடும்பம் வரப்போகுது. மாசி பிறக்கிறதுக்குள்ள வேற இடம் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் குடும்பம் வருவதாக ஒரு பேச்சும் இல்லை. அது வாய்க்கு வந்த பொய்.

அக்கா வேலிக் கம்பிலிருந்து கையை எடுத்தார். "சரி டீச்சர்" என்றார். அவருக்குப் போக இரண்டு இடங்கள்தான் இருந்தன. ஒன்று, நாற்பது பேர் படுத்த அந்த வகுப்பறை. இப்போது அதில் அறுபது பேர். மற்றது ஷெல் விழுந்துகொண்டிருந்த அக்கரை. இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். வீட்டுக்காரர் கேள்விப்பட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அவர் சிரிக்காமல் ஒதுங்கியது அதுதான் முதல் தடவை.

அடுத்த கிழமை கடைகளில் செத்தல் மிளகாய் இல்லாமல் போனது. என் போத்தல் காலி. ஒருநாள்கூடப் புகை நிற்கக்கூடாது என்ற பிடிவாதம் எனக்கு. வெட்கத்தை விட்டுக் கொட்டிலுக்குப் போனேன். அக்கா வாசலில் குந்தியிருந்து ஒரு சிரட்டையில் தண்ணீர் ஊற்றி, அதில் கொஞ்சம் தேங்காய்த் தும்பு மிதக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"இதென்னத்துக்கு அக்கா?"

"தேனீ தண்ணி குடிக்க வருது டீச்சர். கிணத்து வாளிக்குள்ள விழுந்து சாகுது. தும்பு இரிந்தா அதில நிண்டு குடிக்கும்."

அதைக் காதில் போட்டுக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. "செத்தல் மிளகாய் கொஞ்சம் இரிக்கா அக்கா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கறிக்கா டீச்சர், கொடிக்கா?"

அவர் எழும்பி உள்ளே போய்ப் போத்தலைக் கவிழ்த்தார். ஐந்து மிளகாய் விழுந்தன. ஐந்தையும் என் கையில் வைத்தார். "இவ்வளவுதான் இரிக்கு. என்ர கண்ணில ஏதும் இரிந்தா இதோட போகட்டும்" என்றார். கோபமில்லாமல் சொன்னார். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல, "அவர் போயிட்டார். வீடு போச்சு. மறுகா மாடும் போச்சு. நான் ஆசையாப் பார்த்ததெல்லாம் போச்சுது. எனக்கே தெரியா டீச்சர்" என்றார்.

அந்த ஐந்து மிளகாயைக் கையில் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாருடைய கண்ணுக்கு எதிராக எரிக்கிறேனோ அவரிடமே போய் மிளகாய் வாங்கியிருக்கிறேன். அவரும் கடைசி மிளகாய் வரை தந்திருக்கிறார். என்னை எனக்கே பிடிக்கவில்லை. மிளகாயை அடுப்படித் தட்டில் வைத்தேன். எரிக்கவில்லை.

மறுநாள் காலை ஊரடங்கு எடுத்ததும் அக்கா நிவாரணம் வாங்கச் சங்கக்கடை வரிசைக்குப் போனார். வளவில் நான் தனியாக நின்றேன். இந்த மனுசி அப்படி எதைத்தான் பார்க்கிறா என்ற கேள்வி வந்தது. வேலியைச் சுற்றிப்போய், அவர் நிற்கும் அதே இடத்தில், அவர் கை வைக்கும் அதே கம்பில் கையை வைத்து நின்றேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காதில் கேட்டது. அவருடைய கொடியில் விரிந்திருந்த ஒரு பூவுக்குள்ளிருந்து இரைச்சல் வந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே ஒரு தேனீ உடம்பு முழுக்க மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் புரண்டுகொண்டிருந்தது. வெளியே வந்து இதழின் விளிம்பில் நின்று, முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்து, பின்னங்கால்களில் மகரந்த மாவை உருட்டிக் கட்டியது. பிறகு பக்கத்துப் பெண் பூவுக்குள் தலைகீழாக இறங்கியது. அதற்குப் பின்னால் எள்ளளவில் கொசுத்தேனீக்கள் ஏழெட்டு வந்தன. இவ்வளவு சின்ன உடம்புக்கு இவ்வளவு அவசரமா என்று சிரிப்பு வந்தது. திடீரென்று ஒரு கருவண்டு பெரிய சத்தத்தோடு வந்து பூவில் இறங்கியது. அதன் பாரத்தில் பூ தண்டோடு ஆடியது. சிறகில் வெய்யில் பட்டு ஊதாவாக மின்னியது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், நாங்கள் நட்டுக்கொடுத்த கொட்டிலின் பூவரசங் காலில் சுண்டுவிரல் நுழையும் அளவில் ஒரு வட்டத் துளை. கீழே மரத்தூள். தன் கூரையைத் தாங்கும் காலில் வண்டு குடைகிறதென்று தெரிந்தும் அக்கா அதை விட்டுவைத்திருந்தார். என் வீட்டுக் கூரை வளையில் இதே வண்டு துளை போட்டபோது தாரைக் காய்ச்சி ஊற்றி அடைத்தவள் நான்.

கொட்டிலைச் சுற்றிச் செருக்காமல் விட்ட தும்பை வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பூசணி கூம்பியபிறகு பூச்சிகள் அதற்குத்தான் போயின. திரும்பி என் பக்கம் பார்த்தேன். முப்பது கொடி, நூறு பூ, துலங்கும் வெறும் நிலம். ஒரு தேனீகூட இல்லை. காற்று பிடரியில் அடித்தது. அது அக்காவின் பக்கமிருந்து என் பாத்திகளுக்குப் போகும் காற்று. என் சட்டி இருந்த இடம் எனக்கும் பூக்களுக்கும் நடுவில் சாம்பலாகக் கிடந்தது. எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. பூச்சிகள் தேடி வரும் தும்பையை முதலில் எரித்தேன், வந்த கொஞ்சத்தையும் பிறகு புகை போட்டு விரட்டினேன். மிளகாய்க் காரத்தில் எனக்கே மூச்சு முட்டியதென்றால் எள்ளளவுப் பூச்சி என்ன செய்யும்? கரும்பலகையில் அம்புக்குறி போட்ட கை இதே கைதானே என்று உள்ளங்கையைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே சட்டியைத் தூக்கிக் கிணற்றடிக்குப் பின்னால் வைத்தேன். சிரட்டைகளில் தண்ணீரும் தும்பும் வைத்தேன். வேலியோரம் மிச்சமிருந்த தும்பையைத் தொடவில்லை. தேனீக்கள் நம்பி வர நாள் எடுக்கும் என்று, காலையில் ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துப் பெண் பூவில் நானே தடவினேன். மூன்றாம் நாள்தான் முதல் தேனீ வந்தது. அது என் பூவில் இறங்கியபோது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஐந்தாம் நாள் கொசுத்தேனீக்களும் கருவண்டும் வந்தன. என்மேல் அவற்றுக்கு ஒரு வன்மமும் இல்லை. பூ இருக்கிறதா, புகை இல்லையா, அவ்வளவுதான் அவற்றின் கணக்கு. எனக்கு அப்படி ஒரு மனம் இருந்திருந்தால் என்று நினைத்தேன்.

கத்தரிப் பாத்தியில் இன்னொன்றைக் கண்டேன். வயிற்றில் நீலக் கோடுகள் போட்ட தேனீ. அது கத்தரிப் பூவைக் கட்டிப்பிடித்து உடம்பைக் கிடுகிடுவென்று அதிரவைக்கும். பூவுக்குள் ஒளிந்திருக்கும் மா பொலபொலவென்று கொட்டும். இதைப் பாடப்புத்தகம் எனக்குச் சொல்லவில்லை. அந்தி சாயும் நேரம் அவற்றில் ஒன்பது, காய்ந்த தும்பைத் தண்டொன்றை வாயால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கின. கால்கள் தண்டில் இல்லை, கடித்த கடியில் உடம்பு முழுக்கத் தொங்குகிறது. வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். "உன்ர வகுப்புப் பிள்ளைகளை விட ஒழுங்கா வரிசையில நிக்குதுகள்" என்றார். பிறகு கொட்டில் பக்கம் பார்த்து, "அக்காவுக்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை என்பதுதான் உண்மை. எல்லாம் விளங்கியபிறகும் ஆறு நாள் என் வாய் திறக்கவில்லை. பிழை என்று தெரிவது ஒன்று, அதைப் போய்ச் சொல்வது வேறு. பிஞ்சு நிற்கட்டும், காயைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று எனக்கே நொண்டிச்சாட்டுச் சொன்னேன். அந்த ஆறு நாளும் அக்கா வேலிப்பக்கம் வரவில்லை. காலையில் முற்றம் கூட்டும்போதுகூட என் பாத்திகளுக்கு முதுகைக் காட்டி நின்று கூட்டினார். மிளகாய் கேட்டுப் போன நாளிலிருந்து அப்படித்தான்.

தை கடைசி நாள் காலை அவர் கொட்டில் வாசலில் பாயைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பானை, ஒரு துணி மூட்டை. தன் கொடியில் முற்றிய இரண்டு பூசணிக்காயை எனக்கென்று வாசலில் ஒதுக்கி வைத்திருந்தார். ஓடிப்போய்ப் பாய்க்கட்டைப் பிடுங்கினேன்.

"அக்கா, ஆரும் வரல்ல. அண்ணன்ட குடும்பம் எண்டு சொன்னது பொய்."

"தெரியும் டீச்சர்" என்றார்.

"எங்கயும் போகாதீங்க. பிழை என்ர புகையில அக்கா. உங்கட கண்ணில ஒண்டுமில்ல. வந்து பாருங்க."

அவர் அசையவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். பாத்திகளுக்கு நடுவே வரும்போது அவர் தலையைக் குனிந்து, தன் கால் வைக்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் காலடியில் பிஞ்சுகள் கோலிக்குண்டளவிலும் எலுமிச்சங்காயளவிலும் பச்சையாக நின்றன. ஒன்று கைக்குள் அடங்காத அளவுக்கு உருண்டிருந்தது. பக்கத்துப் பூவுக்குள் தேனீக்கள் இரைந்தன. சத்தம் அவருக்குக் கேட்டது. அவருடைய தலை சற்று அந்தப் பக்கம் திரும்பி, பிறகு நின்றுவிட்டது.

"நான் பார்க்கலாமா டீச்சர்?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது. பூசணி இலைகளுக்கு நடுவே அவரை இருத்தி, நானும் பக்கத்தில் குந்தி, அவருடைய நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினேன். அவர் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு பூவைப் பார்த்தார்.